டீ போட்டுக் காட்டச் சொன்னேன்

அறுபதுகளின் கடைசியில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊரில், வயதானவர்களுக்கென்று ஒதுக்கிய ஆஸ்பத்திரி வார்டில் நான் இளநிலை டாக்டராக இருந்தேன். அறுவைச் சிகிச்சை படிக்கலாம் என்று கப்பலேறியவன் நான். ஆனால் அந்த வேலைகளுக்கு அந்த ஊர்ப் பையன்களே வரிசையில் நின்றார்கள். முதியோர் வார்டுக்கு யாரும் நிற்கவில்லை. அதனால் அது எனக்குக் கிடைத்தது.

முதல் மாதம் வருத்தமாக இருந்தது. அதற்கப்புறம் அந்த வார்டின் கோடியில் இருந்த ஒரு சின்னச் சமையலறை என் கவனத்தை இழுத்தது. காஸ் அடுப்பு, மின்சாரக் கெட்டில், நாலு கோப்பை, ஒரு மேசை. நோயாளிகளுக்குச் சாப்பாடு வேறு இடத்திலிருந்து வண்டியில் வரும். பிறகு இது யாருக்கு என்று நர்ஸிடம் கேட்டேன். பரீட்சைக்கு என்றாள். எனக்குப் புரியவில்லை.

பக்கவாதம் வந்து தேறியவர்களுக்கு மறுபடியும் கைவேலை பழக்கிக்கொடுக்க ஒரு அம்மாள் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் நோயாளியை அந்த அறைக்குக் கூட்டிப்போய் ஒரு டீ போடச் சொல்வார். தண்ணீர் பிடிக்கத் தெரிகிறதா, சூட்டில் கை படாமல் ஊற்ற முடிகிறதா, அடுப்பை அணைக்க நினைவிருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். தேறினால் வீடு. தேறாவிட்டால் முதியோர் விடுதி. ஒரு மனிதனின் மிச்ச வாழ்நாள் ஒரு கோப்பை டீயில் தீர்மானமாவது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

வாரம் ஒரு நாள் எல்லாரும் ஒரு அறையில் கூடுவார்கள். பெரிய டாக்டர், வார்டு தலைமை நர்ஸ், கைவேலை பழக்கும் அம்மாள், நோயாளியின் வீட்டு நிலைமையை விசாரித்து வரும் இன்னொரு அம்மாள், கடைசி நாற்காலியில் நான். இவர் வீட்டில் மாடிப்படி இருக்கிறதா? மதியச் சாப்பாடு வண்டியில் போய்ச் சேருமா? வீடு பெருக்கிக் கணப்பு மூட்ட நகரசபை ஆள் அனுப்புமா? இப்படிப் பேச்சு போகும். ஆஸ்பத்திரி ஒரு துறை, வீட்டு உதவி வேறொரு துறை. இரண்டுக்கும் தனித்தனிப் பணப் பெட்டி. "ஆள் குணமாகிவிட்டார், அழைத்துக்கொள்ளுங்கள்" என்று இவர்கள் போனில் சொல்வார்கள். "எங்களிடம் ஆள் இல்லை, நீங்களே வைத்திருங்கள்" என்று அவர்கள் சொல்வார்கள். இந்த இழுபறியில் நல்ல நிலைமையில் இருக்கும் கிழவர் ஒருவர் மாதக்கணக்கில் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலில் மழை பார்த்துக்கொண்டிருப்பார். நம் ஊரில் இப்படி நடக்குமா, வாசலில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் நிற்க மாட்டார்களா என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன். இன்னொன்றும் அப்போதே கண்ணில் பட்டது. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர். மனைவி இறந்துவிட்டாள், மகன் ஆஸ்திரேலியாவில். பரீட்சை நாளன்று அவர் மின்சாரக் கெட்டிலைத் தூக்கி, எரிகிற காஸ் அடுப்பின் மேல் வைத்துவிட்டார். அடிப்பாகம் உருகி நாற்றம் எழுந்தது. அந்த அம்மாள் பதறாமல் அடுப்பை அணைத்தார். புத்தி கலங்கிவிட்டது, விடுதிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, இன்னும் முடியவில்லை, நாளைக்கு இவருடைய வீட்டுக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்.

மழையில் ஒரு மணி நேரம் காரில் போனோம். வரிசை வீடுகளில் ஒரு இருட்டு வீடு. கிழவர் கோட்டைக் கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனார். கரிபிடித்த பழைய கெட்டில் ஒன்றை எடுத்தார். பார்க்காமலே தீப்பெட்டியை எடுத்தார், பார்க்காமலே அடுப்பைப் பற்றவைத்தார். டீத் தூளை ஊறவிட்டு, எனக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்டு, திரைச்சீலை அழுக்காக இருப்பதைப் பார்க்காதீர்கள் என்று கடிந்துகொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாசலில் நேற்றைய பால் பாட்டில் எடுபடாமல் கிடந்தால் பால்காரர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வாராம். எந்தத் துறையும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. தானாக ஏற்பட்டது. அதையும் அந்த அம்மாள் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அந்த அம்மாளிடம் கேட்டேன், ஆஸ்பத்திரியில் ஏன் அவரால் முடியவில்லை என்று.

"அது அவருடைய கெட்டில் இல்லையே" என்றார்.

அந்த நாட்டில் நான் கற்றுக்கொண்டதில் மிக அழகான பாடம் இதுதான் என்று அன்று இரவே என் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்லிக்கொள்ள வழியில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, தேனி கடைவீதிக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்தேன். முன்னால் வைத்தியம், பின்னால் வீடு. நடுவில் ஆறு கட்டில்.

இங்கே நடப்பதை நான் புது ஆளைப்போல வேடிக்கை பார்த்தேன். ஒரு நோயாளி வந்தால் கூட நாலு பேர் வருவார்கள். கட்டிலுக்கு அடியில் பாய், தூக்குச்சட்டி, ஒரு குழந்தை. மருந்து என் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, இரவில் விழித்திருப்பது எல்லாம் அவர்கள் வேலை. இரண்டு துறையும் இல்லை, இரண்டு பெட்டியும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பழக்க தோஷத்தில் கேட்பேன். "வீட்ல ஆளுக இருக்காகல்ல" என்று சிரிப்பார்கள். எந்த ஆள் என்று மேற்கொண்டு கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். யாரும் ஒரு பெயரைச் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தில் நகரசபை அனுப்பும் முன்பின் தெரியாத ஒருத்தி காலை ஒன்பதுக்கு வருவாள், அவள் வராவிட்டால் போனில் கேட்கலாம். இங்கே எல்லாரும் இருக்கிறார்கள், யாரையும் கேட்க முடியாது. எது மேல் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் பள்ளித் தோழனின் தாயாரைக் கொண்டுவந்தார்கள்.

உத்தமபாளையத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு போட்ட வீடு அது. ஊர் உத்தமபாளையத்துக்கு அங்கிட்டு, ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே. தேனியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கணவர் போன பிறகும் ஆத்தா அந்த வீட்டைவிட்டு வரவில்லை. தோழன் மூத்தவன், போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். இளையவர் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். இருவரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். வாரம் ஒருவர் போய்ப் பார்ப்பதும், வரும்போது கோபித்துக்கொண்டு வருவதுமாக இருந்தார்கள்.

பக்கவாதம் பெரிதாக இல்லை. வலது கை பலமிழந்திருந்தது, கால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மூன்று வாரத்தில் எழுந்து நடந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமளவுக்குத் தெளிவு. என்னிடம் தினமும் ஒரே கேள்வி. "ஏய்யா, என்னைய எப்ப எங்க வீட்ல கொண்டுபோய் விடுவ?"

தோழன் என்னைத் தனியே கூட்டிப்போய், இனிமேல் அவளைத் தனியாக விட முடியாது, ஊர் எங்களைத்தான் பேசும் என்றான். மாதம் ஒரு வீடாக முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். தமிழ் மாதம் முதல் தேதி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெற்றவர்கள் மாறுவார்கள். "நாங்க சொன்னாக் கேக்க மாட்டா. நீ சொன்னாக் கேப்பா" என்றான்.

நான் உடனே சம்மதித்திருந்தால்கூடப் பாவம் குறைவு. நான் அதை முறைப்படி செய்ய ஆசைப்பட்டேன். இங்கிலாந்தில் பார்த்ததை இந்தப் பள்ளத்தாக்கில் முதல்முதலாக நடத்திக் காட்டுகிறோம் என்ற எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டேன். இரண்டு மகன்கள், என் கம்பவுண்டர், நர்ஸ், நான். மேசை மேல் காகிதம், பேனா. மாடிப்படி இருக்கிறதா, கிணறு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டேன். மகன்கள் பரீட்சைக்கு வந்த பையன்களைப்போலப் பதில் சொன்னார்கள். ஆத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

இதை நாம் பேசி முடிவு செய்யக் கூடாது, ஒரு பரிசோதனை இருக்கிறது என்று சொல்லி எல்லாரையும் பின்கட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி ஒதுங்கி நிலைப்படியில் நின்றாள். மேடைமேல் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்.

"ஆத்தா, ஒரு டீ போட்டுக் காட்டுங்க."

"டீயா?"

"ஆமா."

"நான் என்ன டீக்கடையா வச்சிருக்கேன்? வேணும்னா வெளிய ஆள விட்டு வாங்கியாரச் சொல்லு."

இளையவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் டீ போட்டதே கிடையாது, கருப்பட்டிக் காப்பிதான் என்பது எனக்கும் தெரியும். அத்தனை ஞாயிற்றுக்கிழமை குடித்திருக்கிறேன். ஆனாலும் டீ என்றே நின்றேன். பரிசோதனை என்றால் மாற்றக் கூடாது என்று நினைத்தேன்.

ஆத்தா மேடையருகே போய் நின்று ஸ்டவ்வைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "வீட்டுக்காரி அங்கன நிக்கிறா. அவ அடுப்புல நான் போயிக் கை வைக்கவா? நல்லாவா இருக்கு?" என்றார். பரவாயில்லை, வையுங்கள் என்று மனைவி சொன்னாள். அதன் பிறகும் தயங்கினார். ஒரு வழியாக இடது கையால் பம்பை அடித்தார். வலது கை பிடித்துக்கொள்ளாததால் ஸ்டவ் மேடையில் நகர்ந்தது. எண்ணெய் சிந்தியது. தீக்குச்சி பட்டதும் குப்பென்று உயர எரிந்தது. நர்ஸ் கத்தினாள். நான் எட்டி அணைத்தேன்.

ஆத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே, யாருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் சொன்னார்.

"எங்க வீட்டுக்கு வாய்யா. என் அடுப்புல வச்சு ஒனக்குக் காப்பி தாரேன். வந்து பாரு."

பார்க்கலாம் ஆத்தா என்றேன். மறுநாள் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும். தோழனுக்குப் போடியில் சரக்கு ஏற்ற வேண்டும். போக வர அரை நாள் ஆகும். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. என் பரிசோதனை எல்லார் முன்னாலும் ஒரு முடிவைக் கொடுத்துவிட்டது. அந்த முடிவு எல்லாருக்கும் வசதியாகவும் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு மண் அடுப்பில் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தனியாக இருக்க முடியாது, முறைதான் சரி என்று சொன்னேன்.

ஆத்தா மகன்களைப் பார்க்கவில்லை. "நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துகொண்டார்.

போடி வீட்டிலும் கம்பம் வீட்டிலும் அவரைக் குறைவாக யாரும் நடத்தவில்லை. மருமகள்கள் நல்ல பெண்கள். சூடாகச் சோறு போட்டார்கள், வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அடுப்படிப் பக்கம் வரவிடவில்லை. அன்பினால்தான்.

ஆனால் இரத்த அழுத்தம் மாதம் ஒரு முறை ஏறியது. மாதத் தொடக்கத்தில் ஏறும், பிறகு இறங்கும். எனக்குப் புதிராக இருந்தது. விசாரித்தபோது விஷயம் இதுதான். முறை மாறும்போது ஆத்தாவும் சேலைப் பையும் மட்டும் போகும். வேறு பண்டம் எதுவும் போகாது. திறந்த டப்பாவையோ பாதி மீந்ததையோ கொடுத்தனுப்பினால், மிச்சத்தைத் தள்ளிவிட்டாக என்று அந்த வீட்டில் நினைப்பார்கள். அந்த மரியாதையில் மாத்திரைப் பொட்டலம் போடி அலமாரியிலேயே தங்கிவிடும். கம்பத்தில் புதிதாக வாங்க நாலைந்து நாள் ஆகும். அடுத்த மாதம் கம்பத்து அலமாரியில் தங்கும், போடியில் பழையதைத் தூக்கிப்போட்டிருப்பார்கள்.

எனக்கு அந்த மில் ஊரின் போன் சண்டை நினைவுக்கு வந்தது. அங்கே இரண்டு துறைக்கு நடுவில் ஆள் விழுந்தார். இங்கே இரண்டு பாசமான வீட்டுக்கு நடுவில் மாத்திரை விழுந்தது. அப்பட்டமான ஒற்றுமை. இதைச் சரிசெய்ய நான் என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் பொட்டலத்தை ஆத்தாவிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு வேளை தவறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது அவர் ஒருவர்தான், அவரிடம் கொடுக்க எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேள்வியை இன்னும் ஒரு அடி தள்ளிக்கொண்டு போயிருந்தால் அது என் சமையலறை மேடையில் போய் முட்டியிருக்கும்.

அடுத்த வருஷம் அந்த ஊரில் ஒரு பண்ணையாருக்கு உடம்பு சரியில்லை என்று ஜீப் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு ஆத்தா வீட்டுத் தெரு வழியாக நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு ராவுத்தர் வீட்டுப் பெண் முறத்தோடு வெளியே வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அக்கா எப்படி இருக்காக என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், கைதான் அப்படியே இருக்கிறது என்றேன்.

"கையா? அது ஒங்ககிட்ட வர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடியே அப்படித்தான இருந்துச்சு" என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலில் ஒரு நாள் காலையில் கை மரத்துப்போனதாம். மகன்களுக்குச் சொன்னால் கூட்டிப்போய்விடுவார்கள் என்று ஆத்தா சொல்ல விடவில்லையாம். அதிலிருந்து இடது கையாலேயே எல்லாம் பழகிக்கொண்டாராம், மகன்கள் வரும்போது வலது கையை முந்திக்குள் வைத்துக்கொள்வாராம். தண்ணீர் இந்தப் பெண் இறைத்து வைப்பார், அம்மியில் அரைத்துக் கொடுப்பார். இவர் வயலுக்குப் போகும்போது இவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஆத்தா பார்த்துக்கொள்வார். இவர் நோன்பு வைத்திருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஆத்தா வீட்டில்தான்.

"காலைல கூரைக்கு மேல பொகை வரணும். அதான் எங்களுக்குள்ள கணக்கு. வந்தா அக்கா எந்திரிச்சுட்டாகன்னு நான் என் வேலையப் பாப்பேன். பொகையக் காணோம்னா ஓடுவேன். அன்னைக்கும் அப்படித்தான், பொகையக் காணோம்னுதான் போயிப் பாத்தேன்."

ஆத்தாவை விழுந்த இடத்திலிருந்து எடுத்து, பஸ் ஏற்றித் தேனிக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்; கூட வந்தவர்களுக்கு நடுவில் அவரை நான் கவனித்திருக்கவில்லை. என் கூட்டத்தில் மாடிப்படி பற்றிக் கேட்டேன், கிணறு பற்றிக் கேட்டேன், அடுத்த வீட்டில் யார் என்று கேட்கவில்லை. பால் பாட்டிலைக் குறித்துக்கொண்ட அந்த அம்மாளின் கை என் கண்ணில் வந்து நின்றது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அவர் கணவர் குமுளியில் கடை பார்த்திருக்கிறார், நோன்புப் பெருநாள் கழித்துக் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். "அதுக்குள்ள அக்காவ ஒருக்காக் கூட்டியாங்க. கண்ணுல பாத்துட்டுப் போறேன்."

கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். பெருநாளுக்கு நிறைய நாள் இருந்தது. அதற்குள் ஆத்தாவைத் திரும்ப அங்கே குடியேற்றியிருக்கலாம். குடியேற்றியிருந்தால் அந்தப் பெண் போவதற்குள் வேறொரு ஏற்பாடு பழகியிருக்கலாம். அதற்கு நான் செய்ய வேண்டியதெல்லாம் போடிக்குப் போய்த் தோழனிடம், நான் செய்தது தப்பு என்று ஒரு வாக்கியம் சொல்வதுதான். அதை நான் சொல்லவில்லை. இரண்டு முறை போடிக்குப் போனேன், ஏலக்காய் விலையைப் பேசிவிட்டு வந்தேன். லண்டன் டாக்டர் என்று கடைவீதியில் சொல்வார்கள். நான் போனது லண்டனே இல்லை. அதைக்கூட நான் யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை.

பெருநாள் போனது. சித்திரையில் வரும் வீரபாண்டித் திருவிழாவும் போனது. அதற்கும் பிறகுதான் ஒரு நாள் அவன் கடையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மில் தொழிலாளியின் கெட்டில், ஆத்தா கூப்பிட்டும் நான் போகாதது, புகை.

அவன் முதலில் நம்பாமல் சிரித்தான். "ஏலே, டீப் போடத் தெரியலைன்னா எங்காத்தாவ வீட்டவிட்டுக் கெளப்புன?" பிறகு சிரிப்பு நின்றது. தராசுத் தட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ சொல்லிட்டங்கற ஒரு தைரியத்துலதான் நான் தூங்குனேன். இப்ப அதையும் பிடுங்கிக்கிட்ட" என்றான். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. ஆத்தா அப்போது கம்பத்தில், தம்பி முறையில் இருந்தார். நீயே கூட்டிப்போய்ப் பார், இருக்க முடியும் என்றால் இருக்கட்டும், இந்தத் தடவை நான் குறுக்கே வர மாட்டேன் என்றான்.

ஒரு காலை நேரத்தில் ஆத்தாவைக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன். எதற்கு என்று அவரிடம் சொன்னேன். அவர் வழியெல்லாம் வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார், இது யார் வயல், அதில் ஏன் இன்னும் நடவில்லை என்று.

முன்னறையில் இளையவரின் உர மூட்டைகள் இருந்தன. அடுப்படி அப்படியே இருந்தது. தரையோடு தரையாக மண் அடுப்பு, இடது பக்கம் விறகு, கைக்கெட்டும் இடத்தில் ஊதுகுழல், தீப்பெட்டிக்கு ஒரு மாடம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எல்லாமே இடது கைக்குத் தோதாக மாற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆத்தா சேலை முந்தியால் ஒட்டடையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தீப்பெட்டியைக் கால் விரல்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உரசினார். ஓலை பற்றியது, விறகு பற்றியது. தண்ணீர் மட்டும் நான் கொண்டுவந்து கொடுத்தேன். கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, காப்பித் தூள் போட்டு, கிளாஸில் சிந்தாமல் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடிய்யா. இனிப்பு காணுமா?"

காணும், போதும் என்றேன். கிளாஸைக் காலி செய்தேன். நீங்கள் இங்கேயே இருக்கலாம் ஆத்தா, மகன்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று பிறகு சொன்னேன்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். கூரை மேல் புகை நன்றாக எழும்பிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு அடுத்த வீட்டைப் பார்த்தார். கதவில் பூட்டுத் தொங்கியது. வாசல் திட்டில் கோழிக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அவர்கள் குமுளிக்குப் போய் அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இது யாரு பாக்குறதுக்கு?" என்றார்.

வேறு யாரையாவது ஏற்பாடு செய்யலாம், எதிர் வீட்டில் சொல்லலாம், தண்ணீருக்கு ஆள் வைக்கலாம் என்று நான் அடுக்கினேன். இங்கிலாந்தின் அந்த அறையில் பேசுவதைப்போலவே பேசினேன். ஆத்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவளும் நானும் ஒரு நாள்ல பழகிக்கிறலய்யா" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய், மிச்சத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊர் வயல்கள் மறைந்த பிறகு கேட்டார்.

"ஏய்யா, அந்த டீப் பரீட்சைய நீ எங்கன படிச்ச?"

சொன்னேன். மழை பெய்யும் ஊர், மில் வேலை பார்த்த மனிதர், மனைவி இல்லை, மகன் கண்காணாத தேசத்தில், ஆஸ்பத்திரியில் கெட்டிலை உருக்கிவிட்டார் என்று. ஆத்தாவுக்கு அந்த மனிதர்மேல் அக்கறை வந்துவிட்டது. சோறு யார் போடுவாக, கொள்ளி வைக்க மகன் வருவானா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கடைசில டீப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டாரு ஆத்தா."

"எங்கன வச்சு?"

"அவுக வீட்ல வச்சு."

"நீ கூடப் போனியா?"

"போனேன்."

"தூரமா?"

"கார்ல ஒரு மணி நேரம்."

ஆத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லை, கணக்குச் சரிபார்க்கிற மாதிரி சொன்னார்.

"தேனிலருந்து நம்ம வீட்டுக்கும் அம்புட்டுத்தான்."

ஆமாம் ஆத்தா என்றேன். கம்பம் நிலையத்தில் இளையவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.